கனத்த குண்டும் கைமருந்தும்: வேட்டைக் கதையாடல் குறித்துச் சில குறிப்புகள்

1

திருப்பத்தூர், ஆலங்காயம், ஜமுனாமரத்தூர் பக்கத்துச் செய்திகளில் ஒரு வாக்கியம் அச்சு மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது. நாட்டுத் துப்பாக்கி பறிமுதல், கரிமருந்து பறிமுதல், பால்ரஸ் குண்டுகள் பறிமுதல், ஆள் கைது. கூடவே மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பிவைத்து ஒரு போட்டோ. இதே மூன்று பொருட்களைப் பற்றிப் பேசுகிற இன்னொரு வகை எழுத்தும் இருக்கிறது. அங்கேயும் துப்பாக்கி, மருந்து, குண்டு. ஆனால் அங்கே அவை எடை போடப்பட்டு, வேகம் கணக்கிடப்பட்டு, அட்டவணையாக நிற்கின்றன. முதலாவதற்குப் பெயர் எஃப்.ஐ.ஆர். இரண்டாவதற்குப் பெயர் வேட்டை இலக்கியம்.

இந்த இரண்டு பிரதிகளையும் பக்கம் பக்கமாக வைத்து வாசிக்க வேண்டியிருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குத் துப்பாக்கியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. நோய்க்குக் கொடுப்பதையும் குழலில் கொட்டுவதையும் நம் மொழி ஒரே சொல்லால்தான் சொல்கிறது: மருந்து. யார் கையில் இருந்தால் அது வைத்தியம், யார் கையில் இருந்தால் அது குற்றம் என்பதை அகராதி சொல்லாது. சட்டமும் கதையும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

2

முதலில் துரைமார்களின் பிரதி.

பெரிய மிருகத்தைச் சுடுவதற்கான ரைபிள் பற்றிய எழுத்தில் கதாநாயகன் குண்டின் எடைதான். அளவு கிரெயின். ஒரு ராத்தலுக்கு 7000 கிரெயின். கிரெயின் என்றால் தானிய மணி. நம்மூரில் பொன் நிறுக்கக் குன்றிமணி இருந்ததுபோல அவர்களுக்கு அது. .405 வின்செஸ்டரின் குண்டு 300 கிரெயின், அதாவது 19 கிராமுக்குச் சற்று மேல். .470 நைட்ரோவின் குண்டு 500 கிரெயின். .600 நைட்ரோவுக்கு 900 கிரெயின். 58 கிராம் ஈயமும் உலோக உறையும் ஒரே துண்டாக. ஆப்பிரிக்காவில் யானை வேட்டையாடிய ஜான் டெய்லர் 1948-ல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு சூத்திரமே கொடுத்தார். எடையையும் வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி 7000-ஆல் வகுத்தால் ஓர் எண் வரும். மிருகத்தை நிலைகுலையச் செய்யும் திறன் அந்த எண். .405-க்குச் சுமார் 38, .470-க்குச் சுமார் 70, .600-க்கு 150. தேர்வு மார்க் மாதிரி.

கனத்த குண்டுக்கு அவர்கள் சொல்கிற காரணம் வெறும் ஜம்பம் என்று தள்ளிவிட முடியாது. ஒரே விட்டத்தில் எடை கூடினால் குண்டு நீளமாகிறது. நீளமான குண்டு எலும்பில் பட்டாலும் திசை மாறாமல் ஆழமாக இறங்குகிறது. காட்டெருமையின் தோள் எலும்பையும் யானையின் மண்டையையும் துளைக்க இது வேண்டும். ஆனால் எடையைக் கூட்டிவிட்டு மருந்தை அப்படியே வைக்க முடியாது. தோட்டாவுக்குள் அழுத்தம் ஏறும். துப்பாக்கி வெடித்துச் சுட்டவன் முகத்தில் அடிக்கும். ஆகவே எடைக்கு விலையாக வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். இரட்டைக்குழல் ரைபிளில் இன்னொரு சிக்கல். பட்டறையில் இரண்டு குழல்களையும் சேர்த்துப் பற்றவைக்கும்போதே ஒரு குறிப்பிட்ட குண்டுக்கும் ஒரு குறிப்பிட்ட மருந்தளவுக்கும் என்று சரிசெய்துதான் வைப்பார்கள். அளவை மாற்றினால் இரண்டு குழல்களும் இரண்டு இடத்தில் சுடும். வெயில்கூட இதில் தலையிட்டது. கார்டைட் மருந்து நம் நாட்டுச் சூட்டில் அழுத்தத்தை ஏற்றிவிடும் என்பதால் இந்தியாவுக்கென்று மருந்து குறைத்த தோட்டாக்களைத் தனியாகச் செய்து அனுப்பினார்கள்.

தோட்டாவைச் சொந்தக் கையால் நிரப்புகிறவனுக்கு இவ்வளவும் தெரிந்திருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துரைமார்களின் ரைபிள் பெட்டிக்குள்ளேயே குண்டு வார்க்கும் அச்சும் தோட்டா நிரப்பும் கருவிகளும் இருந்தன. ஈயத்தை உருக்கி, அச்சில் ஊற்றி, மருந்தை அளந்து, தனக்கு வேண்டிய எடையில் தனக்கு வேண்டிய தோட்டாவை அவர்களே செய்துகொண்டார்கள்.

அவர்களே என்றா சொன்னேன்? 1840களில் இலங்கைக்கு வந்த சாமுவேல் பேக்கரிடம் 21 ராத்தல் எடையுள்ள துப்பாக்கி இருந்தது. ஒரு வெடிக்கு ஓர் அவுன்ஸ் மருந்து. யானைக்கு முன்னால் நின்று அதைத் திரும்பக் கெட்டித்துக்கொண்டிருக்க நேரமேது? கெட்டித்த துப்பாக்கிகளைச் சுமந்துகொண்டு உள்ளூர் ஆட்கள் பின்னால் நின்றார்கள். சுட்டது துரையின் கை. அடுத்த துப்பாக்கியை நீட்டியது இன்னொரு கை. புத்தகத்தின் அட்டையில் ஒரு கையின் பெயர்தான் இருக்கிறது.

3

கனத்துக்கு இந்தப் பிரதி கொடுக்கும் தார்மீகம் கருணை. லேசான குண்டு காயப்படுத்தும், கனத்த குண்டு உடனே கொல்லும். ஆகவே கனத்த குண்டே இரக்கமுள்ளது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

இது கதையாக மாறும்போது என்ன ஆகிறது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன் (1910-1974) ஏலகிரி மலைச் சிறுத்தை பற்றி ஒரு கதை எழுதியிருக்கிறார். திருப்பத்தூரில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற மலை. அவர் கையில் எப்போதும் இருந்தது .405 வின்செஸ்டர். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோய், சிங்கத்துக்கு ஏற்ற மருந்து என்று மெச்சிய அதே ரகம். (பாருங்கள், அங்கேயும் மருந்துதான்.) ஆண்டர்சனை நான் விரும்பிப் படித்தவன். துரைமார்களின் எழுத்தில் காண முடியாத அளவுக்குப் பூசாரிகளும் இருளர்களும் பெயரோடு, முகத்தோடு அவரிடம் வருகிறார்கள். ஆனால் அவர் கதைகளிலும் கார்பெட்டின் கதைகளிலும் திரும்பத் திரும்ப ஒரு காரணம் வருகிறது. புலியோ சிறுத்தையோ ஏன் ஆட்கொல்லி ஆனது? எவனோ ஒரு கிராமத்தான் நாட்டுத் துப்பாக்கியால் அரைகுறையாகச் சுட்டுவிட்டான், காயம் ஆறவில்லை, இரை பிடிக்க முடியாமல் மனுஷனைப் பிடிக்க ஆரம்பித்தது. முள்ளம்பன்றியின் முள் சில இடங்களில் காரணம், நாட்டுக் குண்டு பல இடங்களில்.

இது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பல சமயம் அப்படியே நடந்திருக்கும். கதையாடலில் அது செய்கிற வேலைதான் நம் கேள்வி. லேசான குண்டைச் சுட்டவன் நோயை உண்டாக்கினான். கனத்த குண்டோடு வந்தவன் நோயைக் குணப்படுத்தினான். ஒருவன் காரணம், மற்றவன் மருந்து. அந்தக் கிராமத்தான் கையில் ஏன் லேசான குண்டு மட்டும் இருந்தது என்ற கேள்வியைக் கதை கேட்பதே இல்லை.

4

கதை கேட்காததைச் சட்டத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

1878-ன் ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமம் இல்லாமல் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்றது, ஐரோப்பியர்களுக்கு விலக்கு. இதை எல்லாரும் அறிவோம். நமக்கு அதிகம் தெரியாதது 1907-ல் வந்த இன்னொரு தடை. .450 காலிபர் வேட்டைத் தோட்டாக்கள் இந்தியாவுக்குள்ளும் சூடானுக்குள்ளும் வரக் கூடாது என்றது பிரிட்டிஷ் அரசு. அன்றைக்கு யானை வேட்டையில் ராஜாவாக இருந்த ரகம் அது. ஏன் தடை? மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய ராணுவ ரைபிள்கள் சனங்களிடையே நிறைய இருந்தன. அவற்றின் காலிபரும் .450. குண்டின் எடை 480 கிரெயின். .450 நைட்ரோ வேட்டைத் தோட்டாவின் குண்டும் 480 கிரெயின். துரைமார்களுக்கு என்று வருகிற தோட்டாவிலிருந்து குண்டைப் பிடுங்கி எடுத்து, மார்ட்டினித் தோட்டாவில் வைத்து, உள்ளூர் ஆட்கள் திருப்பிச் சுட்டால் என்ன செய்வது? வங்கப் பிரிவினை நடந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது.

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். சாம்ராஜ்யம் பயந்தது ரைபிளுக்கு இல்லை. ரைபிள் ஏற்கெனவே வெளியே இருந்தது. அது பயந்தது தோட்டாவை நிரப்பத் தெரிந்த கைக்கு. அந்தக் கையை வெட்ட முடியாது, ஆகவே குண்டின் விட்டத்தை மாற்றினார்கள். பிரிட்டிஷ் கம்பெனிகள் அவசர அவசரமாக .465, .470, .475, .476 என்று புதுப்புது அளவுகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. இன்றைக்கும் வேட்டைப் பிரியர்கள் .470-ன் அருமை பெருமைகளை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணின் கருப்பையில் ஒரு அடிமை நாட்டின் கை பற்றிய பயம் இருக்கிறது என்பதை எத்தனை பேர் சொல்கிறார்கள்?

அதே எடைக் கணக்கு மனுஷ உடம்பின்மீதும் போடப்பட்டது. 1895 சித்ரால் போருக்குப் பிறகு, ராணுவத்தின் புதிய .303 குண்டு எதிராளியைத் துளைத்துப் போகிறதே தவிர நிறுத்தவில்லை என்று புகார் வந்தது. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம் டம் ஆயுதச் சாலையில், பட்டதும் விரிந்து கிழிக்கிற மூக்கு வைத்த குண்டு தயாரானது. 1899 ஹேக் மாநாட்டில் மற்ற நாடுகள் இதைத் தடை செய்யக் கேட்டபோது பிரிட்டிஷ் பிரதிநிதி சர் ஜான் ஆர்டா மறுத்துப் பேசினார். நாகரிகமான சிப்பாய் காயம்பட்டால் நின்றுவிடுவான், காட்டுமிராண்டி நிற்க மாட்டான், மேலே வந்து பாய்வான் என்பது அவர் வாதம். வேட்டைப் புத்தகங்களில் காயம்பட்ட காட்டெருமையைப் பற்றி எழுதுகிற அதே மொழி. பிரிட்டன் கடைசியில் அந்தத் தடைக்கு ஒப்புக்கொண்டது 1907-ல். வெள்ளைக்காரனும் வெள்ளைக்காரனும் மோதுகிற போரில் விரியும் குண்டைக் கைவிட்ட அதே வருஷம்தான் இந்தியனுக்குக் கனத்த குண்டின் கதவும் சாத்தப்பட்டது.

5

சுதந்திரம் வந்த பிறகு என்னாச்சு? 1931 கராச்சி காங்கிரசின் தீர்மானம், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. அரசியல் சட்டத்தில் அது வரவில்லை. ராணுவத்தின் .303 சாதாரணக் குடிமகனுக்குத் தடைசெய்யப்பட்ட போர். அவனுக்கு என்று அரசுத் தொழிற்சாலை செய்து கொடுத்தது.315. ராணுவத்தின் தோட்டாவும் சனங்களின் தோட்டாவும் ஒன்றுக்கொன்று பொருந்தக் கூடாது. துரை போனார், அவர் தர்க்கம் போகவில்லை.

1959 ஆயுதச் சட்டத்தைப் படித்தால் இன்னொரு விஷயம் கண்ணில் படும். அதன் 13-ஆம் பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உண்மையாகக் கேட்கிறவருக்கு, வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தருவதைப் பற்றி வெளிப்படையாகவே பேசுகிறது. அதாவது நாட்டுத் துப்பாக்கி என்று போலீஸ் மேசைமேல் பரப்பிவைக்கிற அந்த ஜாதியைச் சட்டம் தன் வாயால் பெயர் சொல்லியிருக்கிறது. அந்தத் துப்பாக்கிக்குத் தோட்டா கிடையாது. ஒவ்வொரு வெடியையும் சுடுகிறவன் குழலுக்குள்ளேயே தயாரிக்கிறான். மருந்தைக் கொட்டி, அடைப்பு வைத்து, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து. கைமருந்து என்றால் இதுதான். மற்றபடி தோட்டா தயாரிக்க வேண்டுமென்றால் தனி உரிமம் வாங்க வேண்டும்.

இப்போது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. கனத்த குண்டு வேண்டுமா? தொழிற்சாலையில் செய்ததை வாங்கிக்கொள், உன் கை அதில் படக் கூடாது. உன் கையால் நிரப்ப வேண்டுமா? சரி, குண்டு லேசாக, குழல் பழசாக, வெடி மெதுவாக இருக்கட்டும். கனமும் கையும் ஒரே ஆளிடம் சேரக் கூடாது. இரண்டும் ஒருசேர அமைந்திருந்தவர் துரை ஒருவர்தான். பிறகு அந்த லேசான குண்டு காயத்தோடு விட்ட மிருகத்தைக் காட்டி, பார், இவர்களுக்கு இரக்கமில்லை என்று கதை சொல்வது.

எல்லாச் சனங்களுக்கும் ஒரே விதி என்று நினைத்துவிட வேண்டாம். குடகில் கொடவர்களுக்கு 1861 முதல் ஆயுதச் சட்டத்தில் விலக்கு உண்டு. மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்திருக்கிறது. அவர்கள் வீட்டில் துப்பாக்கி பூஜையில் வைக்கப்படுகிறது, பாரம்பரியம். ஜவ்வாது மலை மலையாளிப் பழங்குடியின் வீட்டில் அதைவிட எளிமையான துப்பாக்கி இருந்தால் கூரையைப் பிரித்துத் தேடுகிறார்கள், குற்றம். கொடவர்களின் உரிமையைப் பிடுங்கச் சொல்லவில்லை. பாரம்பரியம் என்ற பட்டத்தை யார் யாருக்குக் கட்டுகிறார்கள் என்றுதான் கேட்கிறேன்.

6

திருப்பத்தூர் பக்கத்து ஜவ்வாது மலையில் புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என்று மூன்று நாடுகள். சாமை, தினை விளைகிற மேட்டு நிலம். சுற்றிலும் காப்புக்காடு. கதிர் பால் பிடிக்கும்போது பன்றி இறங்கும். ஒரு ராத்திரியில் ஒரு குடும்பத்தின் வருஷச் சோறு போய்விடும். கிரெயின் என்றால் தானிய மணி என்று சொன்னேனே, இந்த மலையில் குண்டுக் கணக்கும் தானியக் கணக்கும் சந்திக்கிற இடம் இதுதான்.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், உரிமம் பெற்ற வேட்டையையும் ஒழித்த 1991 திருத்தமும் தேவையானவை என்றே நினைக்கிறேன். துரைமார்களும் ஜமீன்களும் சுட்டுத் தீர்த்த பிறகு மிச்சமிருந்ததைக் காக்க வேறு வழி இருந்திருக்காது. ஆனால் அவர்கள் சுட்டதற்கான கூலியை யார் கொடுக்கிறார்கள்? 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றி பற்றி ஒரு முடிவை அறிவித்தது. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம். 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடலாம். 1 கிலோமீட்டருக்குள் சுடவும் கூடாது, பிடிக்கவும் கூடாது. சமவெளிக் கரும்புக்காரருக்கு இதில் ஏதாவது கிடைக்கும். வீட்டு வாசலிலேயே காப்புக்காட்டு எல்லைக்கல் நிற்கிற மலைக்காரருக்கு? அவர் நிலம் விதியின் மூன்றாவது வரியில் மாட்டிக்கொண்டிருக்கிறது. இங்கேயும் சுடும் கை அரசுடையது. விதைத்த கை வேடிக்கை பார்க்க வேண்டும்.

மலைக்காரரின் உடம்பும் குண்டுக் கணக்கில் வராமல் இல்லை. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போன தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் 20 பேரை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலையிலிருந்து போனவர்களும் அதில் உண்டு. கல்லாலும் கோடாலியாலும் தாக்கினார்கள், தற்காப்புக்குச் சுட்டோம் என்றது போலீஸ். மனித உரிமை அமைப்புகள் அதை ஏற்கவில்லை. அந்தப் போலீஸ் வாக்கியத்தை ஹேக் மாநாட்டு வாதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நிற்க மாட்டான், மேலே வந்து பாய்வான், ஆகவே நிறுத்த வேண்டியிருந்தது. 116 வருஷத்தில் வாக்கியம் நகர்ந்திருக்கிற தூரம் இவ்வளவுதான்.

7

நம் ஆட்களிடம் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. நாட்டுத் துப்பாக்கியைக் கண்டதும் எதிர்ப்பின் குறியீடு, அடித்தளத்தின் ஆயுதம் என்று கவிதை எழுதக் கிளம்பிவிடுகிறோம். கெட்டித்த குழல் சில சமயம் பின்பக்கமாக வெடித்துக் கையைக் கொண்டுபோகிறது. இருட்டில் பன்றி என்று நினைத்துச் சுட்டு, கூட வந்த பங்காளி விழுகிறான். வயிற்றில் ஈயத்தோடு போன கடமான் மூன்று நாள் கழித்து எங்கோ ஓடையோரம் சாகிறது. அவுட்டுக்காயைக் கடித்த யானை வாய் கிழிந்து பட்டினியில் சாகிறது. இந்த வலியைப் பார்க்க மறுக்கிற அரசியல் எனக்கு வேண்டாம். லேசான குண்டு குரூரமானது என்று ஆண்டர்சன் எழுதியபோது அந்த இடத்தில் அவர் சரியாகத்தான் எழுதினார். அந்தக் குரூரத்தின் உற்பத்தியிடம் சுட்டவனின் மனசு என்று எழுதினார் பாருங்கள், அங்கேதான் நாம் அவரோடு மோத வேண்டும்.

ஆகவே மலைக்காரருக்குக் கனத்த ரைபிள் கொடுங்கள் என்பது என் கோரிக்கை அல்ல. 13-ஆம் பிரிவு சொல்வதன்படி மனு கொடுத்தவருக்கு என்ன பதில் வந்தது என்று ஊர் ஊராகக் கேட்டு எழுத வேண்டும். பன்றி தின்ற சாமைக்கு இழப்பீடு எத்தனை மாதத்தில் கைக்கு வந்தது, பட்டா இல்லாத நிலத்துக்கு வந்ததா என்று கேட்டு எழுத வேண்டும். கிலோமீட்டர் விதியை மலைக்கிராமங்களின் கிராமசபையில் வைத்துப் பேச வைக்க வேண்டும். இன்னொன்று இலக்கியக்காரர்களின் வேலை. தமிழில் வேட்டைப் புத்தகங்கள் தொடர்ந்து மொழிபெயர்க்கப்படுகின்றன, தி.ஜ.ர. கார்பெட்டைத் தமிழாக்கிய காலத்திலிருந்து நாம் அவற்றை ரசித்துத்தான் வருகிறோம். ரசிப்போம். ஆனால் துரைக்குப் பின்னால் நின்று கெட்டித்த துப்பாக்கியை நீட்டிய அந்த ஆள் எத்தனை அவுன்ஸ் மருந்து அளந்தான், எதைப் பார்த்துப் பயந்தான், யானை விழுந்த பிறகு அவனுக்கு என்ன கூலி கிடைத்தது என்று எழுதிய பக்கம் தமிழில் எங்கே இருக்கிறது? செங்கம் வட்டாரத்தில் ஆநிரை மீட்டுச் செத்தவனுக்குக்கூட ஆயுதத்தோடு ஒரு நடுகல் நிற்கிறது. மருந்து கெட்டித்தவனுக்கு ஒரு வரிகூட நிற்கவில்லை. புதூர்நாட்டிலும் நெல்லிவாசலிலும் அந்த வேலை தெரிந்த கிழவர்கள் இன்னும் இருப்பார்கள். போலீஸ்காரர் மட்டுமே அவர்களிடம் வாக்குமூலம் வாங்கிக்கொண்டிருக்கிறார்.